எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்கு பி பாசிட்டிவ்

கேள்வி: போன வருஷம் இரண்டரை மாதத்தில் கரு கலைந்து, டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்தார்கள். அப்போது ஊசி எதுவும் போட்டதாக நினைவில்லை. இப்போது மறுபடி மூன்றாம் மாதம். ‘ரெண்டு பேர் ரத்தமும் சேராது, அதான் தங்கல’ என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மாமியார் சொன்னதை முதலில் மனசிலிருந்து எடுத்துப் போடுங்கள் அம்மா. முதல் கரு கலைந்ததற்கு உங்கள் குரூப் காரணமில்லை. பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்கள் உங்கள் ரத்தத்தில் கலந்த பிறகுதான் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். கலப்பது பெரும்பாலும் பிரசவத்தின்போது. கரு கலையும்போதும் நடக்கலாம். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும்.

அதனால் எனக்கு உறுத்துவது போடாமல் விட்ட அந்த ஊசிதான். உடம்பு அந்த ஆன்டிபாடியைத் தயாரிக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-லேயே வந்துவிட்டது. டி அண்ட் சி ஆன 72 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். ‘சின்னக் கரு தானே’ என்று இன்றும் விட்டுவிடுகிறார்களே என்று மனசு கொதிக்கிறது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, மூன்றாவது பிரசவத்துக்கு வந்த ஒரு தாயின் பழைய சீட்டில் குரூப் எழுதும் இடம் காலியாக இருந்தது. பிறந்து ஆறு மணி நேரத்தில் குழந்தையின் கண் மஞ்சள். தொப்புள் வழியாகப் பத்து மில்லி எடுப்பது, பத்து மில்லி ஏற்றுவது என்று விடியும் வரை ரத்தம் மாற்றினோம். குழந்தை பிழைத்தது. ஆனால் அந்த ராத்திரியே தேவைப்பட்டிருக்கக் கூடாது.

உங்கள் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று காட்டும் ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். கணவருக்கும் லேபில் குரூப்பை மறுபடி பாருங்கள். லைசென்ஸில் இருப்பதை நம்ப வேண்டாம். ஐ.சி.டி. நெகட்டிவ் என்றால் நிம்மதி. 28-வது வாரம் திரும்பப் பார்த்துவிட்டு 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி. குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஐ.சி.டி. பாசிட்டிவ் என்றால் இந்த ஊசி பயன்படாது. அப்போதும் கலங்க வேண்டாம்: குழந்தையின் தலை ரத்தக்குழாயை டாப்ளர் ஸ்கேனில் பார்த்து ரத்தசோகையைக் கண்டுபிடிக்கலாம், தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றலாம். பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் ஓ, குழந்தை பி என்றாலும் பிறந்ததும் மஞ்சள் காமாலை வரலாம். அது பெரும்பாலும் நீல விளக்கில் வைத்தாலே சரியாகிவிடும்.

இடையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய், ‘நான் நெகட்டிவ்’ என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.