காயடித்த கன்றுக்கு எண்ணெய் கொடுத்தால் வளர்ச்சி திரும்புமா?

கால்நடைப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் பண்ணையில் ஐந்து மாதக் காளைக் கன்று ஒன்றுக்குக் காயடித்தோம். அதன் பிறகு தீவனம் குறைந்து, உடல் இளைத்துவிட்டது. தீவனத்தில் தாவர எண்ணெய் சேர்த்தால் இழந்த எடையை மீட்கலாம் என்று சிலர் கூறுகிறார்கள். இது சரிதானா? சரி என்றால் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பதில்: காயடித்தபின் ஏற்படும் எடைக் குறைவு என்று நாம் பேசுவது உண்மையில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். முதலாவது, உடனடியாக வருவது. விதைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் விந்து நாணை நசுக்கினாலும் அறுத்தாலும் கன்றின் உடலில் வலியும் அழற்சியும் உண்டாகின்றன. கார்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பு உயர்கிறது. கன்று அடிக்கடி படுப்பதும் எழுவதுமாக நிலைகொள்ளாமல் இருக்கிறது, தீவனத் தொட்டிக்கு வருவதைக் குறைக்கிறது, நோய் எதிர்ப்பு அணுக்களின் செயல்பாடும் சில நாள்கள் மந்தமாகிறது. தங்கள் கன்று இளைத்தது பெரும்பாலும் இதனால்தான். புண்ணில் சீழ் பிடிக்காமல், வேறு நோய் ஏதும் சேராமல் இருந்தால், இந்தத் தேக்கம் சில வாரங்களில் தானாகவே நீங்கும்.

இரண்டாவது, மெதுவாக வருவது. விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் தசை வளர்ச்சியைத் தூண்டுவது. நல்ல தீவனத்தில் வளரும் காளை, பருவமடைந்த பிறகு, காயடித்த கன்றைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை வேகமாக எடை கூடுவதுண்டு. ஒரு கிலோ எடை கூடுவதற்கு அது தின்னும் தீவனமும் குறைவு. காயடித்த கன்றோ உண்ணும் ஆற்றலில் கூடுதல் பங்கைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கும். பருவமடைவதற்கு முன்பு இந்த வேறுபாடு மிகச் சிறியது என்பதால், ஐந்து மாதக் கன்றின் இன்றைய மெலிவுக்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இந்த இரண்டில் எதையும் எண்ணெயால் ஈடுகட்ட முடியாது என்பதே என் தெளிவான கருத்து. எண்ணெய் செறிந்த ஆற்றலைத் தரும், அவ்வளவுதான். அதில் புரதம் சிறிதும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இல்லை. வளரும் கன்றுக்குத் தசையும் எலும்பும் உருவாக வேண்டுமானால் 18 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம் உள்ள கன்றுத் தீவனம், தாது உப்புக் கலவை, எந்நேரமும் தூய நீர் ஆகியவையே முதலில் வேண்டும். ஏற்கெனவே கொழுப்பைச் சேர்க்கும் போக்குள்ள காயடித்த கன்றுக்குப் புரதத்தை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் கூட்டினால், கூடுவது கொழுப்பாகத்தான் இருக்கும்.

எனினும் அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. அந்த அளவைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறேன். 100 கிலோ எடையுள்ள, பால் மறந்த கன்று, ஈரம் நீங்கலாக நாளொன்றுக்குச் சுமார் 3 கிலோ தீவனம் உண்ணும். அந்தத் தீவனத்தில் இயல்பாகவே 3 விழுக்காடு கொழுப்பு இருப்பதாகக் கொண்டால் அது 90 கிராம். அசைபோடும் கால்நடையின் மொத்த உணவில் கொழுப்பு 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. முதல் இரைப்பை இன்னும் முழுமையாக முதிராத கன்றுக்கு 5 விழுக்காட்டிலேயே நின்றுவிடும்படி நான் சொல்வேன். அப்படியானால் மொத்தம் 150 கிராம். நாம் கூடுதலாகச் சேர்க்கக்கூடியது 60 கிராம் மட்டுமே. இது ஏறத்தாழ 135 கிராம் மாவுச்சத்து தரும் ஆற்றலுக்குச் சமம். இதை ஒரே நாளில் கொடுக்காமல், 15 கிராமில் தொடங்கி இரண்டு வாரங்களில் படிப்படியாக உயர்த்தி, அடர்தீவனத்தில் நன்றாகப் பிசிறிக் கொடுக்க வேண்டும். செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருக்கும் என்பதால், அத்தகைய பிண்ணாக்கை ஏற்கெனவே கொடுத்துவருபவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல பண்ணைகளில் தனியாக எண்ணெய் சேர்க்கத் தேவையே இராது.

வரம்பு ஏன் என்றால், சூரியகாந்தி, சோயா, ஆளி விதை போன்ற எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் முதல் இரைப்பையில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கு நஞ்சாக அமைகின்றன. நாரின் மீது படலமாகப் படிந்து நுண்ணுயிரிகள் அதைப் பற்றிக்கொள்ளவும் தடையாகின்றன. அதன் விளைவாக வைக்கோலும் புல்லும் சரியாகச் செரிக்காமல், கன்று உண்ணும் அளவும் குறைகிறது. எண்ணெயால் கிடைத்த ஆற்றலைவிட இழந்த ஆற்றல் அதிகமாகிவிடுவது இப்படித்தான்.

கேள்வி: காயடிக்க ஏற்ற வயது எது? எந்த முறையில் கன்றின் வளர்ச்சி குறைவாகப் பாதிக்கப்படும்?

பதில்: வயதைப் பற்றிக் கேட்பதற்கு முன், காயடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பருவமடைவதற்கு முன்பே பண்ணையைவிட்டுப் போகப்போகும் கன்றுக்கு இந்த வலியைக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. கிடாரிகளுடன் சேர்ந்து மேயும் கன்று, உழைப்புக்காக நெடுநாள் வளர்க்கப்படும் கன்று, முரட்டுத்தனத்தால் ஆள்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய கன்று என்றால் காரணம் உண்டு.

செய்வதென்றால் இளம் வயதிலேயே செய்ய வேண்டும். ‘வளர்ச்சி கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஓராண்டு வரை காத்திருப்பவர்கள், காளைப் பருவத்தில் கிடைத்த கூடுதல் எடையின் பெரும்பகுதியைக் காயடித்த பிறகு வரும் தேக்கத்தில் இழந்துவிடுகிறார்கள். விதைகள் பெரிதாக வளர்ந்தபின் திசுச் சேதமும் இரத்தப்போக்கும் வலியும் கூடுதல்; புண் ஆறவும் நாளாகும். விதைப்பையின் கழுத்தில் மாட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தும் ரப்பர் வளையம், பிறந்த முதல் சில நாள்களுக்கு மட்டுமே உரியது. விதைகள் இரண்டும் வளையத்துக்குக் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவி உறுதி செய்துகொள்ள வேண்டும். தோலைக் கிழிக்காத பர்டிசோ என்னும் இடுக்கிக் கருவி அடுத்த சில மாதங்களுக்கு ஏற்றது. அதில் ஒவ்வொரு விந்து நாணையும் தனித்தனியாக, இரண்டு நசுக்கல் கோடுகளும் ஒரே நேர்கோட்டில் சேராதவாறு, நசுக்க வேண்டும். சேர்ந்துவிட்டால் விதைப்பையின் தோலுக்கு இரத்தம் செல்வது தடைபட்டு, தோல் அழுகிவிடும். அறுவை முறையில் விதைகள் முழுவதுமாக நீங்கிவிடுவது உறுதி என்றாலும், இரத்தப்போக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும் அபாயமும் அதில்தான் அதிகம்.

எந்த முறையானாலும் வலி உண்டு. இளங்கன்று கத்தாமல் நின்றால் வலிக்கவில்லை என்று பொருளல்ல. இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு வலியை மறைத்துக்கொள்வது இயல்பு. மரத்துப்போகும் ஊசியின் பயன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்பால் வரும் அழற்சி வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணியைக் கால்நடை மருத்துவர் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது கார்டிசால் உயர்வு தெளிவாகக் குறைகிறது. கன்றும் விரைவில் தீவனத்துக்குத் திரும்புகிறது. எண்ணெய்க்காகச் செலவிட நினைக்கும் தொகையை இதற்குச் செலவிடுங்கள் என்று ஒவ்வொரு பண்ணையாளரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பால் மறக்கடித்தல், கொம்புக் குருத்தைச் சுடுதல், வேறு இடத்துக்கு ஏற்றிச் செல்லுதல் ஆகியவற்றை அதே வாரத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: பால் குடிக்கும் கன்றுக்கு, கொழுப்பு நீக்கிய பாலில் தேங்காய் எண்ணெய் கலந்து கொடுத்தால் முழுப் பாலுக்கு ஈடாகுமா?

பதில்: வீட்டில் கையால் கலக்கிக் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கன்று பாலை உறிஞ்சும்போது உணவுக்குழலின் முடிவில் உள்ள பள்ளம் குழாய்போல் மூடிக்கொள்வதால், பால் முதல் இரைப்பைக்குள் விழாமல் நேரே நான்காம் இரைப்பைக்குச் செல்கிறது. அங்கே பால் தயிர்போல் உறைந்து, கொழுப்பு சிறிது சிறிதாகக் குடலுக்கு இறங்குகிறது. பாலில் உள்ள கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகப் பரவியிருப்பது. கையால் கலக்கிய எண்ணெயோ பெருந்துளிகளாகப் பிரிந்து மேலே மிதப்பது. அது செரிக்காமல் கழிச்சலை உண்டாக்கும். மாற்றுப் பால் மாவு தயாரிப்பவர்கள் பனை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து, இயந்திரத்தால் நுண்துளிகளாக்கி, பால்மமாக்கும் பொருளும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். தேங்காய் எண்ணெயை மட்டுமே கொழுப்பாகக் கொடுத்த கன்றுகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்ததும் ஆய்வுகளில் காணப்பட்டது. சோயா, சூரியகாந்தி வகை எண்ணெய்கள் மிகுந்தால் வைட்டமின் ஈ தேவையும் உயரும். அதுவும் செலினியம் என்னும் தாதுவும் குறைந்துபோனால் வெள்ளைத் தசை நோய் வந்து கன்று நிற்க முடியாமல் விழும், சில வேளைகளில் இதயத் தசை பாதித்துத் திடீரென இறக்கவும் கூடும். காறல் வாடை வீசும் பழைய எண்ணெய் இருக்கிற வைட்டமின் ஈயையும் அழித்துவிடும் என்பதால் அதை எந்தக் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெயை வாயில் ஊற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். எண்ணெய் தொண்டையில் உறுத்தல் தராமல் வழுக்கி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும்; நுரையீரலில் சேர்ந்த எண்ணெய் எளிதில் வெளியேறாது. அதனால் வரும் நிமோனியாவில் பிழைக்கும் கன்றுகள் குறைவு.

கேள்வி: ஆளி விதை எண்ணெயும் ஓமம், கிராம்பு போன்றவற்றின் எண்ணெயும் நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்கிறார்களே?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு இனம். ஆளி விதை எண்ணெய் ஒரு கொழுப்பு. அதிலுள்ள ஒமேகா-3 அமிலம் அழற்சியைத் தணிக்கும் தன்மை உடையது. பால் குடிக்கும் கன்றுக்கு, முறையாகத் தயாரித்த மாற்றுப் பாலில் சிறிதளவு சேர்ந்திருந்தால் அந்தப் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. பால் மறந்த கன்றின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் அதன் பெரும்பகுதியை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால் ஆகியவை கொழுப்பு அல்ல. ஆவியாகும் நறுமணச் சாறுகள். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தினாலும், கன்றுகளில் சில ஆய்வுகள் கழிச்சல் குறைந்ததாகவும் சில ஆய்வுகள் மாற்றமில்லை என்றும் கண்டிருக்கின்றன. பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் பெறாத கன்றுக்கு இவற்றில் எதுவும் மாற்றாகாது.

கேள்வி: காயடித்த கன்றில் எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்?

பதில்: விதைப்பை சற்று வீங்குவது இயல்பு. வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சூடாகிச் சீழ் வாடை வீசினாலோ, கன்று ஒரு நாள் முழுதும் தீவனத்தைத் தொடாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நடை விறைத்து, வால் சற்றே தூக்கி நின்று, காதுகள் விறைத்து, வாய் திறக்க முடியாமல், வயிறு உப்பத் தொடங்கினால் அது ரணஜன்னி (டெட்டனஸ்). இது ரப்பர் வளையம் போட்ட கன்றுகளிலேயே அதிகம், ஏனெனில் இரத்த ஓட்டம் இழந்து மெல்ல அழுகும் திசுவில் காற்றில்லாச் சூழலை விரும்பும் அந்தக் கிருமி எளிதில் பெருகுகிறது. கன்றை இருட்டான, ஓசையற்ற இடத்தில் கட்டி, வாய்வழியாக எதையும் ஊற்றாமல், மருத்துவர் வரும்வரை அருகிலேயே இருங்கள்.