டீசல் பிக்கப்பில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: 2018-இல் வாங்கிய பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிக்கு உட்பட்ட) டீசல் பிக்கப் ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து மலைக் கிராமங்களுக்கு உரமும் மளிகையும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது காய்கறி கொண்டுவருகிறேன். சில மாதங்களாக ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்றும், அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்து வெல்டிங் செய்தால் சரியாகிவிடும் என்றும் ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். பழைய கன்வெர்ட்டரைக் கொடுத்துவிட்டால் கூலிகூட வேண்டாம் என்கிறார்கள். செய்யலாமா? எஃப்.சி.யில் (தகுதிச் சான்று புதுப்பிப்பதில்) சிக்கல் வருமா?

பதில்: செய்ய வேண்டாம். சட்டத்தின் காரணமாக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வண்டியின் நோய் கன்வெர்ட்டரில் தொடங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே முதற்காரணம். நல்ல நிலையிலுள்ள இன்ஜினோடு இணைந்த கன்வெர்ட்டர் தானாக அடைபடுவதில்லை. அது அடைபட்டிருக்கிறதென்றால், அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறிய கரியையோ எண்ணெயையோ எரியாத டீசலையோ அதற்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, தீராது. இன்றைக்கு இழுவை திரும்பியதுபோல் தோன்றினாலும், கசியும் இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை) பிஸ்டனையும், தேய்ந்த டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம்) தன்னையும் பிறகு காவு வாங்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற மூவழி கன்வெர்ட்டர் அல்ல. டீசல் புகையில் ஆக்சிஜன் எப்போதும் மிகுதியாக இருக்கும். அந்த ஆக்சிஜனைக் கொண்டே கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் எரித்து, கரித்துகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையையும் ஓரளவு நீக்குகிற ஆக்சிஜனேற்ற வினையூக்கி அது. தேனடை போன்ற பீங்கான் கட்டியின் மெல்லிய துளைச் சுவர்களில் பிளாட்டினமும் பல்லேடியமும் மிக நுண்ணிய அளவில் பூசப்பட்டிருக்கும். துளைகள் இருபுறமும் திறந்தவை என்பதால், சுத்தமாக இருக்கும்போது அது புகையின் ஓட்டத்தை மிகக் குறைவாகவே தடுக்கிறது. எனவே நன்றாக இயங்கும் கன்வெர்ட்டரைக் கழற்றுவதால், நீங்கள் உணரக்கூடிய அளவுக்கு இழுவையோ மைலேஜோ கூடுவதில்லை. கழற்றியபின் வண்டி பாய்ந்து ஓடியது என்று யாராவது சொன்னால், அவர்களுடைய கன்வெர்ட்டர் ஏற்கெனவே அடைபட்டிருந்தது என்றுதான் அதற்குப் பொருள். அடைத்தது எது என்ற கேள்வி அங்கே கேட்கப்படாமலேயே போய்விட்டது.

ஆகையால் முதலில், கன்வெர்ட்டர் உண்மையாகவே அடைபட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஏற்றத்தில் இழுவை குறைவதற்கு அடைபட்ட ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பு, திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), வேஸ்ட்கேட் (டர்போவைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் கதவு) சரியாக மூடாத டர்போ ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை கன்வெர்ட்டரைவிட மலிவாகச் சரிசெய்யக் கூடியவை. ஆனாலும் பல இடங்களில் இவற்றைப் பார்ப்பதற்கு முன்பே கன்வெர்ட்டரின் மேல் பழி விழுந்துவிடுகிறது. ஸ்கேனரை இணைத்து, சுமையோடு ஏற்றத்தில் ஓட்டி, வண்டியின் கணினி கேட்கும் டர்போ அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைப்பது குறைவாக இருந்தால், காற்று வரும் பாதையில் கசிவோ, டர்போவில் கோளாறோ, புகை போகும் பாதையில் அடைப்போ இருக்கலாம். புகைப்பாதையைச் சோதிக்க, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடலுக்குத் தரப்பட்ட உச்ச அளவோடு ஒப்பிட வேண்டும். இதை நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தால் போதாது; சுமையில்லாத டர்போ டீசல் வெளியேற்றும் புகையின் அளவு குறைவு என்பதால், பாதி அடைபட்ட கன்வெர்ட்டர்கூட அப்போது நல்லதுபோல் காட்டும்.

அழுத்தமானி இல்லாத ஒர்க்‌ஷாப்பாக இருந்தால், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கன்வெர்ட்டரைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்க்கலாம். தட்டும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. ஒளி ஊடுருவாமல் முன்முகத்தில் மட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் அது மீளக்கூடிய நிலை: காரணத்தைச் சரிசெய்துவிட்டு, வண்டியைச் சுமையோடு தொடர்ந்து ஓட்டினால் புகையின் வெப்பத்தில் பெரும்பாலான கரி எரிந்துவிடும். அதிக அழுத்தத் தண்ணீரையோ அமிலத்தையோ அதற்குள் பாய்ச்ச வேண்டாம், கம்பியால் குத்தவும் வேண்டாம்; போவது கரி மட்டுமாக இருக்காது, பூச்சும் சேர்ந்து போகும். முகம் ஈரமாகவும் எண்ணெய்ப் பிசுக்காகவும் இருந்தால் டர்போ சீலையும் பிஸ்டன் ரிங்குகளையும் பாருங்கள். பீங்கான் உருகியிருந்தால், எரியாத டீசல் கன்வெர்ட்டருக்குள் போய்த் தீப்பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் வைத்துப் பார்க்காமல் புதிய கன்வெர்ட்டரை வாங்கவே கூடாது.

கன்வெர்ட்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத சாவும் ஒன்று உண்டு. இன்ஜின் எண்ணெயில் உள்ள பாஸ்பரசும் துத்தநாகமும், எண்ணெய் எரியும்போது சாம்பலாகிப் பூச்சின்மேல் படிந்து, துளைகள் திறந்திருந்தாலும் வேதிவினையை நிறுத்திவிடும். டீசலில் உள்ள கந்தகமும் அதையே செய்யும். பி.எஸ். 4 டீசலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் அது 10 பங்கு மட்டுமே. அந்த வகையில் உங்கள் வண்டிக்கு இன்று கிடைக்கும் எரிபொருள், அதற்காக வகுக்கப்பட்டதைவிட நல்லது. மண்ணெண்ணெயோ வேறு கலப்போ சேர்ந்த டீசலைக் குறைந்த விலைக்கு வாங்கி ஊற்றினால் அந்த நன்மை முழுவதும் வீணாகும்.

இனி எஃப்.சி. பற்றி. சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 2018 வண்டி என்பதால் 2026-இல் எட்டு ஆண்டு நிறைந்ததும் நீங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் காலத்துக்கு வருகிறீர்கள். வண்டியின் அடிப்பாகத்தை ஆய்வாளர் இனி அடிக்கடி பார்ப்பார். கன்வெர்ட்டர் இல்லாத வண்டியும் புகைச் சோதனையில் தேறிவிடுகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மையாகவே நடக்கக்கூடியதுதான், ஏனெனில் டீசல் வண்டிக்கான புகைச் சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அந்தக் கருவி அளப்பதில்லை. அதில் தேறியது, கழற்றியது குற்றமில்லை என்பதற்குச் சான்றாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டுவதற்கு 190(2) பிரிவின்படி முதல்முறை மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ, அவற்றோடு மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் என்று தண்டனை இருக்கிறது. வண்டியை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு அந்த மூன்று மாதம் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு.

ஆனால் என் மனத்தில் முதலில் நிற்பது அபராதமல்ல. உங்கள் பிக்கப் இரவில் சந்தைக்குள் நுழைந்து, இன்ஜினை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும்போது, அதன் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று மூட்டை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. கேபினுக்கு அடியில் அரைகுறையாக வெல்டிங் செய்த குழாய் கசிந்தால், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் நீங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கேபினுக்குள் தூங்கும் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். தனிப்பட்ட ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020-இல் மதிப்பிட்டது. நைட்ரஜன் ஆக்சைடைப் பொறுத்தவரை அது 90 லட்சம் ஒழுங்கான பிக்கப்களைக் கூடுதலாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்று கணக்கிட்டது.

நாளை நீங்கள் பி.எஸ். 6 வண்டிக்கு மாறினால் இந்த யோசனையை நினைத்தும் பார்க்காதீர்கள். 1,760 கிலோவுக்கு மேற்பட்ட எடைப்பிரிவில் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமாக இருந்த துகள் வரம்பு, பி.எஸ். 6-இல் 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. அதற்காகவே கன்வெர்ட்டருக்குப் பின்னால் டி.பி.எஃப். என்ற துகள் வடிகட்டி வந்தது. அந்த வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலை எரித்து அந்த வெப்பத்தை உண்டாக்கித் தருவதே கன்வெர்ட்டர்தான். அதை எடுத்துவிட்டால் வடிகட்டியிலுள்ள கரி எரியாமல் அடைத்துக்கொண்டு, வண்டி வேகம் குறைந்த பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். எரியாத அந்த டீசலில் ஒரு பகுதி இன்ஜின் எண்ணெயிலும் கலந்துகொண்டிருக்கும்.

உங்கள் கன்வெர்ட்டர் உடைந்தோ உருகியோ போயிருந்தால், காரணத்தைச் சரிசெய்த பிறகு, உங்கள் மாடலுக்கும் பி.எஸ். 4 இன்ஜினுக்கும் உரிய பாக எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கடையில் புதிதாக வாங்குங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் உருளைகளில் பூச்சு மெலிந்தோ இல்லாமலோ இருக்கலாம். வெளித்தோற்றத்தில் அதைக் கண்டறிய வழியே இல்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கும் கன்வெர்ட்டரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது எந்த இன்ஜினில் எத்தனை எண்ணெயைக் குடித்தது என்பது யாருக்கும் தெரியாது, திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். மாற்றும்போது கேஸ்கெட்டையும் நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள்; நெளியும் பெல்லோஸ் குழாயும் தாங்கி ரப்பர்களும் தளர்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், ஏனெனில் அதிர்வுதான் புதிய பீங்கானை உடைக்கும். வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிட அனுமதிக்காதீர்கள். வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே செய்யச் சொல்லுங்கள்.

கூலி வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்கான காரணத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பழைய கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் மறுசுழற்சிச் சந்தையில் விலை உண்டு. உங்கள் வண்டியிலிருந்து எடுத்ததை விற்றே அந்தக் கூலியை அவர்கள் ஈட்டிக்கொள்ள முடியும். மாற்ற வேண்டிய நிலை வந்தால் பழையதை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, புதிய பாகம் விற்பவரிடம் திரும்பக் கொடுத்தால் விலையில் கழிவு உண்டா என்று கேளுங்கள். புதியதற்கான பில்லைப் பாக எண்ணோடு எழுதி வாங்கி, வண்டிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள், அடுத்த எஃப்.சி.க்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.