ஏப்ரல் வரை நகை அடகில் இருக்கலாமா?

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 54,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 17,500. கடந்த மே மாதம் அமெரிக்க–சீனப் பேச்சுவார்த்தைக்கு முன்பு, மனைவியின் அண்ணன் சொன்னதைக் கேட்டு நகையை அடகுவைத்து 2 லட்சம் வாங்கி, நிஃப்டி கால் ஆப்ஷனில் (பங்குச் சந்தைக் குறியீடு குறிப்பிட்ட தேதிக்குள் ஏறும் என்று கட்டும் பந்தயம்) போட்டேன். 46,000 ரூபாய் லாபம் வந்தது. அந்தத் தைரியத்தில் ஜூலையில் 1.5 லட்சமும் அக்டோபரில் 2.5 லட்சமும் அடகுவைத்து எடுத்தேன். மாதம் 1 சதவீத வட்டி, தவறாமல் கட்டுகிறேன். வர்த்தகம் எல்லாம் அவர் கணக்கில்தான் நடக்கிறது. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. இப்போது மிஞ்சியிருப்பது 2.1 லட்சம். வரும் ஏப்ரலில் ட்ரம்ப் பெய்ஜிங் போகும்போது எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்கிறார். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு மேலும் 1.5 லட்சம் டாப்-அப் கிடைக்குமாம். அதில் சீன ஃபண்டும் வாங்கலாம் என்கிறார். அக்டோபரில் அடகுவைத்தது மனைவிக்குத் தெரியாது. என்னிடம் 1.2 லட்சம் வங்கி வைப்பும், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 போடும் எஸ்ஐபியும் உண்டு. பொறுத்திருக்கலாமா?

– வாசகர், கரூர் (நவம்பர் 2025)

பதில்: டாப்-அப் வேண்டாம். ஏப்ரல் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆப்ஷன் ஆபத்தானது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. 2024–25 நிதியாண்டில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்ன கணக்கை நீங்களும் படித்திருப்பீர்கள். படித்த பிறகும் போட்டிருக்கிறீர்கள். ஆகவே அதை விடுவோம். என் கண்ணில் படுவது வேறு: இரண்டு வல்லரசுகள் பேச உட்காரும் தேதியைப் பார்த்து நீங்கள் அடகுக் கடைக்குப் போகிறீர்கள்.

அந்தப் பேச்சுகளின் வரலாற்றைப் பாருங்கள். 2018 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸில் ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் வரிப்போருக்கு 90 நாள் நிறுத்தம் அறிவித்தார்கள். அடுத்த மே மாதமே அது முறிந்து, 200 பில்லியன் டாலர் சீனப் பொருள்கள் மீதான வரி 10 சதவீதத்திலிருந்து 25 ஆனது. 2020 ஜனவரி 15 அன்று கையெழுத்தான ‘முதல் கட்ட’ ஒப்பந்தத்தில், 2017-இல் வாங்கியதைவிடக் கூடுதலாக 200 பில்லியன் டாலருக்கு இரண்டு ஆண்டுகளில் வாங்குவதாகச் சீனா எழுதிக் கொடுத்தது. அந்தக் கூடுதலில் எதையும் வாங்கவில்லை என்று வாஷிங்டனின் பீட்டர்சன் ஆய்வு நிறுவனம் பின்னர் கணக்குக் காட்டியது. 2025 மே மாதம் ஜெனீவாவில் மறுபடியும் 90 நாள். ஆகஸ்டில் இன்னொரு 90 நாள். அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் இருவரும் சந்தித்தபோது, அரிய மண் தாது ஏற்றுமதிக்குச் சீனா விதித்த கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்குத் தள்ளிப்போடுவதே ஒரு உத்தி, அதனால் இரு தரப்புக்கும் பேரம் பேச அவகாசம் கிடைக்கிறது. உங்களுக்கோ ஆப்ஷன் காலாவதியாகிறது, வட்டி தினமும் ஓடுகிறது.

சரி, செய்தியைச் சரியாகக் கணித்தால் லாபம் வராதா என்பீர்கள். மே 12 அன்று நிஃப்டி 3.8 சதவீதம் ஏறியது உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்தியா–பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் வந்தது. சந்தை காலையிலேயே பாய்ந்துவிட்டது. ஜெனீவா கூட்டறிக்கை நம் நேரப்படி மதியவாக்கில்தான் வெளியானது. அந்த 46,000 ரூபாயில் எவ்வளவு ஜெனீவாவுடையது? பெரும்பகுதி வேறொரு செய்தியின் புண்ணியம். அதை மைத்துனரின் திறமை என்று வரவு வைத்துக்கொண்டீர்கள்.

அக்டோபரைப் பாருங்கள். 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சீனப் பொருள்கள் மீது கூடுதலாக 100 சதவீத வரி என்று ட்ரம்ப் மிரட்டினார். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று 2.7 சதவீதம் விழுந்தது. ஞாயிறன்று அவரே ‘கவலை வேண்டாம்’ என்றார். மிரட்டல், சமாதானம் இரண்டுமே நம் சந்தை மூடியிருந்தபோது நடந்து முடிந்தன. திங்களன்று நிஃப்டி லேசாக இறங்கியதோடு சரி. பூசான் சந்திப்பு நல்லபடியாக நடந்த அன்றும் மறுநாளும் நிஃப்டி இறங்கித்தான் முடிந்தது. நீங்கள் செய்தியைச் சரியாகக் கணித்திருந்தாலும் கால் ஆப்ஷனில் அடி வாங்கியிருப்பீர்கள்.

கரூர்க்காரரான உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50 சதவீதம் வரை கூடுதல் வரி விதிக்கப்பட்டது. பூசானுக்குப் பிறகு சீனப் பொருள்கள் மீதான மொத்த வரி 57-இலிருந்து 47 சதவீதமாகிறது என்று ட்ரம்பே சொன்னார். துணிக்குத் துணி இந்தக் கணக்கு மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போக்கு புரிகிறதல்லவா? அமெரிக்காவும் சீனாவும் சமாதானமாவது உங்கள் முதலாளிக்கு வரும் ஆர்டருக்கு நல்லது என்று எந்த விதியும் இல்லை. சம்பளமே அந்த வரியின் கையில் இருக்கும்போது, கடனையும் அங்கேயே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறீர்கள்.

இனி கணக்கு, உத்தேசமாகத்தான். கடன் 6 லட்சம், கையில் 2.1 லட்சம். போனது 3.9 லட்சம். இதுவரை கட்டிய வட்டி சுமார் 20,000. ஏப்ரல் வரை ஆறு மாதத்துக்கு மேலும் 36,000. எல்லாவற்றையும் மீட்க அந்த 2.1 லட்சம் ஏறத்தாழ 6.5 லட்சம் ஆகவேண்டும், அதாவது மூன்று மடங்குக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கு கேட்பவர் நஷ்டத்தில் எத்தனை பங்கு ஏற்றார் என்று கடிதத்தில் தேடினேன், காணவில்லை.

இந்த வாரமே அந்த 2.1 லட்சத்தையும் உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ரொக்கமாக வேண்டாம். அவர் கணக்கில் கிடக்கும்வரை அது உங்கள் பணம் என்று நிரூபிப்பது கடினம். நாளை ஒரு தகராறு என்றால் உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பணம் வந்ததும் மே மாத அடகை முழுவதுமாக மீட்டு, அந்த நகையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மூன்று அடகிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாதீர்கள். வைப்பு நிதியை முறித்து, 1.2 லட்சத்தையும் மீதியிருக்கும் பத்தாயிரத்தையும் ஜூலை அடகில் போடுங்கள். முன்கூட்டி முறிப்பதால் வட்டி கொஞ்சம் குறையும், இருந்தாலும் 12 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைந்த வட்டிக்கு வைப்பு வைத்திருப்பதில் பொருளில்லை. மிச்சக் கடன் 2.7 லட்சம். இப்போது வட்டியாகக் கட்டும் 6,000-உடன், எஸ்ஐபியை நிறுத்திவைத்து அந்த 5,000-ஐயும் சேர்த்தால் மாதம் 11,000. இரண்டரை வருடத்துக்குள் முடிந்துவிடும். ஓவர்டைம் கிடைத்தால் இன்னும் சீக்கிரம்.

சீன ஃபண்ட் பற்றி: வெளிநாட்டு முதலீட்டுக்கு நம் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு உச்சவரம்பு இருப்பதால், அத்தகைய ஈடிஎஃப்கள் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டுகள்) பலமுறை உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பைவிட அதிக விலைக்குச் சந்தையில் கைமாறுகின்றன. சொந்தப் பணத்தில் வாங்கவே யோசிக்கவேண்டியது. அடகுப் பணத்தில் அதைப் பேசுவதற்கே எனக்குப் பொறுமையில்லை. இந்தச் சண்டையால் உருப்படியாக விலை ஏறியது தங்கம்தான். அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றத்தைச் சாக்காக வைத்து அதே நகை மீது மேலும் கடன் வாங்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். தங்கம் இறங்கினால் கடன் கொடுத்தவர் கூடுதல் பிணை கேட்கலாம், தர முடியாவிட்டால் ஏலம்.

அக்டோபர் அடகை மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள், அண்ணனிடம் பணம் கேட்பதற்கு முன்பே. முதலில் அவர் காதுக்கு அண்ணன் மூலம் போனால், பேச்சு கடனை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடும். பணம் கணக்குக்கு வந்ததும் எழுதுங்கள். பத்து நாளில் வராவிட்டாலும் எழுதுங்கள். அப்போது மைத்துனருக்கு என்ன மாதிரியான கடிதம் அனுப்புவது என்று சொல்கிறேன்.