படர்தாமரை: கேளுங்கள், தோல் மருத்துவர் சொல்கிறார்

கே: தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கல்ல கொடுத்த க்ரீம் போட்டா நாலு நாள்ல அடங்குது, விட்டா முன்னைவிடப் பெரிசா வருது. ஏன் டாக்டர்?

டியூபில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அரிப்பும் சிவப்பும் அடங்கும். கூடவே அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் அடங்குவதால், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வட்டத்தின் விளிம்பு மங்கிப்போய், படர்தாமரை என்றே அடையாளம் தெரியாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அது முழுதாக மறையாது.

அதை நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும். பொறுக்காமல் பழைய டியூபையே திரும்ப எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பை, விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசுங்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள்.

கே: பூஞ்சைக்குக் கொடுத்த டெர்பினாஃபின் 250 மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டும் போகல சார்.

இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே பூஞ்சையில் பல வகைகள் அந்த மாத்திரைக்கு மசிவதில்லை. பூஞ்சைக்குள் மருந்து தாக்க வேண்டிய நொதியே (என்சைம்) மரபணு மாற்றத்தால் மாறிவிட்டது. விளிம்பில் சுரண்டி எடுத்த செதிலை கேஓஹெச் பரிசோதனையில் (பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்து, இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்துக்கு மாற்றுவோம். அந்த கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் விழுங்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் எடுத்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. இதய பலவீனம் உள்ளவர்களும் கொழுப்பு மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: பூண்டு அரைச்சுப் பூசலாமா?

வேண்டாம். தோல் வெந்து கொப்புளிக்கும்.

கே: வீட்ல நாலு பேருக்கும் மாறி மாறி வருது டாக்டர்.

நால்வரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுங்கள். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களில் இஸ்திரி போடுங்கள். யாரும் கவனிக்காதது அரைஞாண் கயிறு: எப்போதும் ஈரம், கழற்றுவதே இல்லை. குணமாகும்வரை அவிழ்த்து வையுங்கள். பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

கே: ஐந்து மாத கர்ப்பம். என்ன செய்ய?

மாத்திரை கூடாது. குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் க்ரீம், தினம் இருவேளை.

கே: கால் கட்டைவிரல் நகம் மஞ்சளா தடிச்சிருக்கு. இதுவும் அதேதானா?

இருக்கலாம். ஆனால் சொரியாசிஸ் என்ற தோல் நோயாலும், செருப்பு இடிப்பதாலும் அப்படி ஆகும். நகத்தைச் சோதிக்காமல் மாத்திரை தொடங்காதீர்கள். பூஞ்சை என்றால் வழக்கமாக 12 வாரம் மருந்து. நல்ல நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். மூன்றாம் மாதமே பலனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.