உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்புக்கு, சான்றுகளோடு வாதிடும் ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது?

தங்கள் மகள் அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள் என்றும், ஆங்கில ஆசிரியர் ஐந்து பக்கங்களில் ஒரு வாத ஆய்வுக் கட்டுரையை, குறைந்தது ஐந்து மூலங்களைக் காட்டி, எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த மேற்கோள்) முறைப்படி எழுதச் சொல்லியிருக்கிறார் என்றும், 'மாணவர்களுக்குத் தூக்கம் அவசியம்' என்ற தலைப்பை எடுத்துக்கொண்ட அவள் முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் நிற்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு பொது உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில் பணிபுரிகிறேன். இந்தக் கட்டுரைப் பருவம் வரும்போதெல்லாம் இதே இடத்தில் நின்றுவிடும் மாணவர்களைப் பார்த்துவருகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவளுடைய ஆங்கிலத்தில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. தலைப்புதான் தடையாக இருக்கிறது.

தூக்கம் அவசியம் என்பதை யாரும் மறுப்பதில்லை. மறுப்பதற்கு ஆளில்லாத ஒன்றை ஐந்து பக்கங்களுக்கு நிறுவ முற்பட்டால் இரண்டாம் பக்கத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும். அதன் பிறகு தூக்கத்தின் நன்மைகளை அடுக்கிக்கொண்டு போவதே வேலையாகிவிடும். பல மாநிலங்கள் 2010 முதல் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரங்கள் வாத எழுத்தையும் விளக்க எழுத்தையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கான வாத எழுத்தில், எதிர்த்தரப்பின் கூற்றையும் நியாயமாக எடுத்துரைத்து, இரு தரப்பின் வலிமையையும் குறையையும் காட்ட வேண்டும் என்று அவை வெளிப்படையாகவே கேட்கின்றன. ஆகவே, விவரம் அறிந்த இருவர் நேர்மையாகவே மாறுபடக்கூடிய ஒரு கேள்விக்கு அவள் முதலில் வந்து சேர வேண்டும்.

அத்தகைய கேள்வி அவளுடைய தலைப்புக்குள்ளேயே இருக்கிறது: உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது என்று மாநில அரசு சட்டம் இயற்ற வேண்டுமா? கலிபோர்னியாவில் இதற்கான மசோதாவை 2018-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், இது அந்தந்த ஊரில் முடிவு செய்யப்பட வேண்டியது என்று கூறி நிராகரித்தார்; அடுத்த ஆண்டே புதிய ஆளுநர் கேவின் நியூசம் அதில் கையெழுத்திட, 2022 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரிடா 2023-இல் இதே போன்ற சட்டத்தை நிறைவேற்றி, அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2025-இல், அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. பாஸ்டன் நகரமோ 2017-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் உருவாக்கிய கணினிக் கணக்கீட்டின் துணையோடு பள்ளி நேரங்களை மாற்றியமைக்க முயன்றது. பல தொடக்கப் பள்ளிகள் 7:15 மணிக்கே தொடங்க வேண்டிவரும் என்று தெரிந்ததும் பெற்றோர்கள் கொதித்தெழுந்ததால், அதே டிசம்பரில் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. இத்தனை பேர் இத்தனை விதமாக முடிவெடுத்த ஒரு விஷயத்தில் ஐந்து பக்கம் போதாமல்தான் போகும்.

கேள்வி கிடைத்தவுடனேயே விடையையும் எழுதிவிட மாணவர்கள் துடிப்பார்கள். ஆசிரியர்களும் 'தீசிஸ்' எனப்படும் மையவாத வாக்கியத்தை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், அதைத் தற்காலிகமான ஒன்றாகவே அவள் கருத வேண்டும் என்பேன், ஏனெனில் முடிவை எழுதி வைத்துவிட்டு அதற்கேற்ற வரிகளைத் தேடிச் செல்பவர், எதிரான சான்று கண்ணில் பட்டாலும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். 'பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும்' என்று முதலில் எழுதிய மாணவி, பாஸ்டனில் நடந்ததையும் பேருந்துச் செலவுகளையும் படித்த பிறகு, 'பேருந்துச் செலவுக்கு மாநிலம் நிதி ஒதுக்கினால்தான் 8:30 விதியின் பயன் வசதியற்ற மாணவர்களையும் எட்டும். எனவே நிதியோடு கூடிய சட்டமே தேவை' என்று திருத்தி எழுதக்கூடும். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. கட்டுரையின் பத்திகள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதும் அந்த வாக்கியத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது மூலங்கள். பெரும்பாலான பள்ளி நூலகங்கள் ஜேஸ்டோர், எப்ஸ்கோ, கேல் போன்ற தரவுத்தளங்களில் ஏதேனும் ஒன்றுக்காவது சந்தா கட்டியிருக்கும். கடவுச்சொல்லை நூலகரிடம் கேட்டால் போதும், வீட்டிலிருந்தும் திறக்கலாம். விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மேற்கோள் காட்ட அது ஏற்றதில்லையே தவிர, கட்டுரையின் அடியிலுள்ள ஆதாரப் பட்டியல் நல்ல தொடக்கமாக அமையும். ஐந்து மூலங்கள் வேண்டும் என்பதற்காக ஒரே கருத்தைச் சொல்லும் ஐந்து செய்திக் கட்டுரைகளைச் சேர்ப்பதால் பயனில்லை. ஒரு மருத்துவ அமைப்பின் கொள்கை அறிக்கை, ஒரு நேரடி ஆய்வு, சட்டத்தின் வாசகம், தோல்வியடைந்த ஒரு முயற்சி பற்றிய செய்தி, எதிர்த்தரப்பில் நன்கு எழுதப்பட்ட ஒரு கருத்துரை என ஒவ்வொன்றும் தனித்தனி வேலையைச் செய்ய வேண்டும்.

நம்பகத்தன்மையைச் சோதிப்பது குறித்துப் பள்ளிகளில் கொடுக்கப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் பழையவை. முகவரி எப்படி முடிகிறது, பக்கம் நேர்த்தியாக இருக்கிறதா, ஆசிரியர் பெயர் உள்ளதா என்றெல்லாம் பார்க்கச் சொல்லும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றறிஞர்களையும், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்களையும், 25 இளநிலை மாணவர்களையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் செய்தார்கள். அவற்றுள் ஒரு இணை அவளுடைய கட்டுரைக்கு நேராகவே பொருந்துகிறது: அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். முன்னது 1930-இல் தொடங்கப்பட்டு, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட அமைப்பு. 2014-இல் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டதும் இதுவே. பின்னது, ஒருபாலினத் தம்பதியர் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததை எதிர்த்து 2002-இல் பிரிந்து சென்றவர்களின் சிறு அமைப்பு. மாணவர்களில் பலரும் வரலாற்றறிஞர்களில் சிலரும் அந்தப் பக்கத்திலேயே அமர்ந்து மேலும் கீழும் படித்துவிட்டுச் சிறு அமைப்பை நம்பினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அதைவிட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். தங்கள் மகள் கற்க வேண்டிய பழக்கம் இதுதான். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கடினமானது: செய்தியை விட்டுவிட்டு அது பேசும் ஆய்வையே தேடிப் படிப்பது. சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016 இலையுதிர் காலத்தில் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றின. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்பு 92 மாணவர்களின் கையிலும், பின்பு 88 மாணவர்களின் கையிலும் அசைவைப் பதியும் கருவிகளைக் கட்டி அளந்து, 2018 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். இடைநிலைத் தூக்க அளவு (மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக உயர்ந்திருந்தது; அதாவது 34 நிமிடம் கூடுதல். இதை 'தாமதத் தொடக்கத்தால் மதிப்பெண் 4.5 சதவீதம் உயர்ந்தது' என்று எடுத்துக் காட்டுவது எளிது. மூலக் கட்டுரையைத் திறந்தால், அந்த மதிப்பெண் உயர்வு உயிரியல் ஆய்வக வகுப்பில் கண்டது என்பதும், இரண்டு ஆண்டுகளிலும் அளக்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவர்கள் என்பதும், உயர்வுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருப்பதும் தெரியவரும். தூக்கம் கூடியது என்ற முடிவு, மதிப்பெண் கூடியது என்ற முடிவைவிட உறுதியானது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடும் மாணவியை எந்த ஆசிரியரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

குறிப்பெடுக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடப்புறம் மூலத்தின் சொற்கள், மேற்கோள் குறியோடும் பக்க எண்ணோடும். வலப்புறம் அதைப் படித்தபோது அவளுக்குத் தோன்றிய ஐயம், உடன்பாடு, மறுப்பு. பிறர் வாக்கியத்தில் நான்கு சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதையும் பல பள்ளிகள் கருத்துத் திருட்டின் கணக்கில்தான் சேர்க்கின்றன. மூலத்தை மூடிவைத்துவிட்டு, வலப்புறக் குறிப்பிலிருந்து எழுதினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. சாட்ஜிபிடியிடம் மூலங்களைக் கேட்பதைப் பற்றியும் ஒரு சொல்: அது இல்லாத கட்டுரைகளுக்கு அழகான தலைப்பும் ஆசிரியர் பெயரும் உருவாக்கிக் கொடுத்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படி உருவான போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தானே திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் இடம்பெறக் கூடாது.

நம்மில் தமிழ்நாட்டில் படித்தவர்கள் பிள்ளைகளுக்கு உதவும்போது ஒரு சிக்கல் வருவதைக் கவனித்திருக்கிறேன். நாம் கற்ற கட்டுரையில் முன்னுரையும் உட்தலைப்புகளும் முடிவுரையும் இருக்கும். நடுவில் ஒரு குறளைச் சொல்லிவிட்டால் அந்தக் கருத்து நிலைநாட்டப்பட்டதாகவே பொருள். வள்ளுவர் சொன்ன பிறகு மேலே விளக்கம் தேவையில்லை. இங்குள்ள ஆசிரியர் எதிர்பார்ப்பதோ மேற்கோளுக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாக்கியங்களை. மெய்யியலாளர் ஸ்டீபன் தூல்மின் 1958-இல் முன்வைத்த வாத அமைப்பு இதை விளக்க உதவும், பல பள்ளிகளில் கற்பிக்கவும் படுகிறது: கூற்று, அதற்கான தரவு, அந்தத் தரவு எப்படி அந்தக் கூற்றைத் தாங்குகிறது என்று காட்டும் இணைப்பு. சியாட்டிலில் 34 நிமிடம் கூடியது என்பது தரவு. பள்ளி தாமதமானால் பிள்ளைகள் இரவில் இன்னும் நேரம் கழித்துத்தானே படுப்பார்கள், அப்புறம் என்ன பயன் என்று வாசகர் கேட்பார். அந்த ஆய்வில் படுக்கும் நேரம் குறிப்பிடத்தக்க அளவில் தள்ளிப்போகவில்லை, ஆகவே கூடுதல் நேரம் தூக்கமாகவே மாறியது என்று விளக்குவதே இணைப்பு. பெரும்பாலான கட்டுரைகள் மதிப்பெண் இழப்பது இந்த இணைப்பு விடுபடும் இடத்தில்தான். மேற்கோளோடு முடியும் பத்தி, வாதத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்துபோன பத்தி.

எதிர்வாதத்தைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் சொல்லி ஒதுக்கிவிடுவது மாணவர்களின் வழக்கம். நன்னூல் ஏழு வகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை, சொல்லும்போது 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. வரிசை முக்கியம்: முதலில் ஏற்க வேண்டும். பல மாவட்டங்களில் ஒரே பேருந்து அடுத்தடுத்து இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடுகிறது. உயர்நிலைப் பள்ளியைத் தள்ளினால் சிறு குழந்தைகள் இருட்டில் நிறுத்தத்தில் நிற்க நேரலாம். பள்ளி முடிந்து வேலைக்குப் போகும் மாணவர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாணவி, மாலை விளையாட்டுப் போட்டிகள் என உண்மையான இழப்புகள் இருக்கின்றன. இவற்றை எதிர்ப்பவரே தலையாட்டும் அளவுக்கு வலுவாக எழுதிவிட்டு, அதன் பிறகு எவற்றுக்குத் தீர்வு உண்டு, எவற்றை ஏற்றுக்கொண்டேயாக வேண்டும் என்று பிரித்துச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் முறியடிக்க வேண்டியதில்லை.

எம்எல்ஏ முறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பே இப்போது வழக்கிலுள்ளது. பத்திக்குள் அடைப்புக்குறியில் ஆசிரியரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும், பக்க எண் இல்லாத இணைய மூலமானால் பெயர் மட்டும், கட்டுரையின் இறுதியில் அகரவரிசைப் பட்டியல். இணையக் கருவிகள் பட்டியலை உருவாக்கித் தரும், ஆனால் பெயர்களையும் தேதிகளையும் அவை அடிக்கடி தவறாகப் பிடிப்பதால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தாங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், வரைவைத் திருத்திக் கொடுக்காமல் கேள்வி கேட்பதுதான். 'இது உனக்கு எப்படித் தெரியும்?', 'அதனால் என்ன?' என்ற இரண்டையும் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் கேளுங்கள். முதலாவதற்கு விடை மூலத்திலும் இரண்டாவதற்கு விடை அவளுடைய சொற்களிலும் இருக்க வேண்டும். வரைவு முடிந்ததும் அச்செடுத்து, மூலங்களிலிருந்து வந்த வரிகளுக்கு ஒரு நிறமும் அவளுடைய விளக்கத்துக்கு வேறொரு நிறமும் தீட்டச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் தெரியும் பத்தியை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், இந்த வேலையைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.