அப்பத்தா பெட்டகத்து வெள்ளிக்காசு: எடைக்குப் போடலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டைப் பாகம் பிரித்தபோது, அப்பத்தாவின் பெட்டகத்தில் இருந்த 62 வெள்ளிக்காசுகள் என் பங்குக்கு வந்தன. 51 காசுகள் விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய். 9 காசுகள் 1940-க்குப் பிந்தையவை. பெரிதாக இரண்டு வெளிநாட்டுக் காசுகளும் உண்டு, சூலம் பிடித்த பெண் நிற்கிறாள். காரைக்குடி வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் காசுக்கு ஒரே விலை சொல்கிறார். மகனோ ஒரு காசே லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோ காட்டுகிறான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க நினைக்கிறேன். தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் மூலம் அங்கே விற்கலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, திருநீறு, பல்பொடி எதுவும் வேண்டாம். வெள்ளிப் பாத்திரத்துக்குச் சரி, காசுக்கு ஆகாது. சேகரிப்பவர் பார்ப்பது தலைமுடிக் கோடும் கிரீடத்தின் நுணுக்கமும் எவ்வளவு தேயாமல் இருக்கின்றன என்பதைத்தான். காலத்தால் படிந்த கருமை அவருக்குக் குறையே இல்லை. தேய்த்த கீறல் பட்டால் நல்ல காசும் வெறும் வெள்ளி விலைக்கு இறங்கிவிடும்.

அடுத்து, அந்த ஒரே விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி, அதாவது 5.83 கிராம். நீங்கள் சொல்லும் பெரிய காசு பிரிட்டிஷ் வணிக டாலராக இருக்க வேண்டும். பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் வீடுகளில் இது கிடைப்பதில் வியப்பில்லை. பின்பக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாய் மொழியை அரபு வடிவில் எழுதுவது) இருக்கிறதா பாருங்கள். அதன் எடை 26.95 கிராம், வெள்ளி மட்டும் 24 கிராமுக்கு மேல். ஆக, மூன்று வகைக்கும் ஒரே விலை என்பது கணக்கே அல்ல. 62 காசிலும் சேர்த்து, தேய்மானம் போக, சுமார் 640 கிராம் வெள்ளி இருக்கும். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் அடிமட்ட விலை. கடைக்காரர் அதில் கொஞ்சம் கழிப்பார், அது நியாயம்தான்.

அதற்கு மேல் கிடைப்பது அரிதான காசுக்கும் தேயாத காசுக்கும் மட்டும். பழசு என்பதற்காக யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த ஆண்டுகளில் ரூபாய் கோடிக்கணக்கில் அச்சாகியது. அதனால் 1917, 1918, 1919 காசுகள் பெரும்பாலும் வெள்ளி விலைக்குத்தான் போகும். 1911 தேடத் தக்கது. காசில் மன்னர் உருவத்தின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, மறு ஆண்டே மாற்றினார்கள். 1922-ம் குறைவாக அடித்தது. 1939 மிக அரிது, அதனாலேயே போலியும் அதிகம். 1862 என்று போட்ட ரூபாயை அதே ஆண்டோடு 1874 வரை அடித்தார்கள். சின்னப் புள்ளிகளை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள், அதற்குத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். இப்படிப் பிரித்து வைத்ததை மட்டும் நாணயக் கண்காட்சியிலோ ஏல நிறுவனத்திலோ காட்டுங்கள். மற்றதை எடைக்கு விற்றுக் கட்டணம் கட்டுங்கள், அதில் தவறே இல்லை.

மகன் காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று வரும் 'கம்பெனி காசு'களைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. பழைய காசு வாங்குவதாகச் சொல்லி முன்பணம், கமிஷன், வரி என்று கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தன் பெயரில் இப்படி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, நீண்டகால விகிதம் 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். பாகப் பத்திரத்தில் காசுகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பங்காளிகளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் பேச்சு வராது.

சிங்கப்பூர் யோசனை வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, அரசு அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கொழுந்தனார் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் காசும் போகும், வழக்கும் வரும்.