கடலோரக் கிராம வீட்டில் இருந்துகொண்டு இயற்கையைப் படம் எடுத்தால் மனம் மீளுமா?

வேலையில் சலித்து, உடம்பும் கெட்டு, கடலோரக் கிராமத்தில் இருக்கும் குடும்ப வீட்டுக்கே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இயற்கைக் காட்சிகளைப் படம் எடுத்தால் மனம் பழையபடி ஆகுமா, இல்லை இது வசதி உள்ளவர்கள் சொல்லும் பேச்சா என்று கேட்கிறீர்கள். எனக்கு ஆனது. ஆனால் எல்லோரும் சொல்கிற காரணத்தால் ஆகவில்லை, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமை நான் இருந்த நிலைமைதான் என்று நினைக்கிறேன். காலையில் எழ ஒரு காரணமும் இல்லை, இரவு தூங்கவும் இல்லை, இடையில் முழுக்க போன். பல வருடம் இரவு வேலை பார்த்தவன் நான், பகல் வெளிச்சம் என்பது திரை போட்டு மறைக்க வேண்டிய ஒன்றாகவே பழகிவிட்டது. இங்கே வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் "கடலைப் பார்த்துக்கொண்டிரு, மனசு லேசாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில் மாதக்கணக்கில் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அழகான இடத்தில் இருந்தும் மனசு சரியாகவில்லையே என்பது இன்னொரு குற்ற உணர்ச்சியாகச் சேர்ந்துகொண்டது. இது உங்களுக்கும் இருந்தால், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வெறுமனே பார்ப்பது எல்லோருக்கும் வேலை செய்யாது.

கேமராவை எடுத்ததே விற்கத்தான். அலமாரியில் கிடந்த பழைய கேமரா, உப்புக்காற்றில் பூஞ்சை பிடிப்பதற்குள் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். விற்குமுன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்காக இருட்டும் நேரத்தில் கரைக்குப் போய் ஒரு பாறைமேல் வைத்து அமுக்கினேன். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவு, அரை நொடி திறந்திருந்தது. அந்த அரை நொடியில் திரும்பிப் போகிற அலை, ஈர மணலில் நூல் பிரித்துப் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகளை விட்டுப் போயிருந்தது. கண்ணால் பார்த்தபோது அங்கே அப்படி ஒன்று இல்லை. இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எதையாவது இன்னொரு தடவை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்குப் போனால் அந்த மணலே இல்லை. பாறையின் பாதி வரை தண்ணீர். அப்போதுதான் கடல் ஏறுவதும் இறங்குவதுமான ஏற்றம், வற்றம் பற்றித் தேடிப் படித்தேன். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், இரண்டு ஏற்றம் முடிய 24 மணி 50 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது, அதாவது போன வாரம் வற்றிக் கிடந்த நேரத்தில் இந்த வாரம் கடல் ஏறி நிற்கும். அதே நேரத்துக்கு அதே வற்றம் திரும்ப வர ஏறக்குறைய 15 நாள் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மற்ற நாட்களில் தெரியாத பாறைகள் எல்லாம் அந்த நாட்களில் வெளியே வரும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். அழகு என்னை எழுப்பவில்லை, இந்தக் கணக்கு எழுப்பியது. சூரியன் உதிக்கும்போது கடல் வற்றியும் இருக்க வேண்டும் என்றால் மாதத்தில் சில நாட்கள்தான் கிடைக்கும், என் மனசு நன்றாக இருக்கிறதா என்று அது கேட்காது. அந்த நாளுக்கு இருட்டோடு எழ வேண்டும், அதற்கு முந்தின இரவு நேரத்தோடு படுக்க வேண்டும். விளிம்பே இல்லாமல் கிடந்த நாட்களுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்தது. தூக்கம் முதலில் சரியானது, மற்றதெல்லாம் அதன் பின்னால் மெதுவாக வந்தது.

இன்னொன்று, காத்திருப்பது. விடியுமுன் உள்ள நீல வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு 20, 30 நொடி ஷட்டர் திறந்திருக்க வேண்டியிருக்கும். விடிந்த பிறகும் அப்படி எடுக்க ஆசைப்பட்டால் கறுப்புக் கண்ணாடி மாதிரியான என்டி ஃபில்டர் போட வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், பத்து ஸ்டாப் ஃபில்டர் அதை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமாக இருந்த படத்துக்கு அப்போது அரை நிமிடம் தேவைப்படும். அந்த அரை நிமிடம் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. கேமராவைத் தொடக்கூடாது, கேமராவைத் தாங்கும் ட்ரைபாட் என்ற முக்காலியின் பக்கத்தில் மணலில் கால் மாற்றி மிதிக்கக்கூடாது. சும்மா நின்று, அலை வருவதையும் போவதையும் பார்க்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் ஜன்னலை மூடி வைத்திருந்தவன் கடலை உண்மையில் பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான்.

எங்கள் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், மறைவது நிலத்துப் பக்கம். அதனால் மாலையில் இங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை என்பார்கள். வானம் தெளிவாக இருக்கிற நாளில் சூரியன் மறைந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் திரும்பி நில்லுங்கள். அடிவானத்தில் கருநீலமாக ஒரு பட்டை மெல்ல எழும், அதன் மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே இருக்கும் கருநீலம் பூமியின் நிழல், நாம் நிற்கிற இந்தப் பூமியே காற்று மண்டலத்தின் மேல் போடுகிற நிழல். கொஞ்ச நேரத்தில் இரண்டும் இருட்டில் கலந்துவிடும். எத்தனையோ வருடம் இந்தக் கரையில் வளர்ந்தும் அதை நான் கவனித்ததில்லை.

"தினமும் அதே கடலையா எடுக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. இந்தக் கேள்வி என்னை உண்மையில் காயப்படுத்துகிறது. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இல் தொடங்கி உலகின் பல கடல்களைப் படம் எடுத்தார், எல்லாவற்றிலும் பாதி வானம், பாதி தண்ணீர், வேறு எதுவும் கிடையாது. அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேலையற்றவன் செய்கிற காரியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இதைவிட மோசம் சொந்தக்காரர்கள். கையில் கேமரா இருப்பது தெரிந்த நாளிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் அழைப்பு எனக்குத்தான், சாப்பிட இல்லை, படம் எடுக்க. காலை முதல் இரவு வரை நின்று எடுத்து, பிறகு நாட்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தால் "எங்கள் முகம் கறுப்பாக விழுந்திருக்கிறதே" என்பார்கள். சமையல் தெரிந்தவரை எல்லா வீட்டிலும் இலவசமாகச் சமைக்கச் சொல்வார்களா? எனக்கு ஆறுதலாக இருக்கும் ஒன்றை ஏன் உங்கள் வசதிக்கான வேலையாக மாற்றுகிறீர்கள்? இப்போதெல்லாம் மறுத்துவிடுகிறேன், சிலர் பேசுவதில்லை. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

கேமராவால் மன நோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவரிடமும் போய்க்கொண்டிருந்தேன், மாத்திரையும் எடுத்தேன், அதை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்குப் போகச் சொல்பவன் நான் இல்லை. உங்களுக்கும் பாரம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடலோரத்தில் வீடு இருப்பதே ஒரு வசதிதானே என்பவர்களுக்கும், ஆமாம், வசதிதான். கேட்டவருக்கு அது இருக்கிறது, அதனால் அவருக்குச் சொல்கிறேன்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், போன் போதும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, சூரியன் உதிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும், லென்ஸில் சாரல் குறைவாகவே படும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பிவிடும். லென்ஸில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும், நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். வானம் வெளுத்துப் போகிறது, இல்லையென்றால் கடல் கறுத்துப் போகிறது என்று நொந்துகொள்ள வேண்டாம். 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரருக்கும் இதே பிரச்சினை இருந்தது, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார்.

அப்புறம், முதல் சில மாதங்கள் எடுப்பதை எங்கேயும் போடாதீர்கள், யார் பாராட்டினார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் மறுபடி போனோடு படுத்துவிடுவீர்கள். பாறைமேல் ஏறுமுன் கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று ஏற்ற வற்ற நேர அட்டவணையில் பார்த்துவிட்டு ஏறுங்கள், படம் பார்க்கும் வியூஃபைண்டர் துளையில் கண் வைத்திருக்கும்போது பின்னால் தண்ணீர் சூழ்வது தெரியாது.